பவர் கண்ணாடி: குறைந்த செலவில் சரியாக வாங்க முழுமையான வழிகாட்டி

ஆப்டிக்கல்ஸ் கடையில் "எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகும் சார்" என்று சொன்னால், அந்த நாலாயிரத்துக்குள் நான்கு செலவுகள் இருக்கின்றன: கண் பரிசோதனை, லென்ஸ், அதன் மேல் பூசும் கோட்டிங், ஃபிரேம். நான்கையும் தனித்தனியாக விலை கேட்கலாம். தேவைப்பட்டால் வெவ்வேறு இடங்களில் வாங்கலாம். மொத்த விலையைக் கேட்டுவிட்டு அதில் தள்ளுபடி பேசினால், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாது. கடைக்கு அதுதான் வசதி. ஆகவே பிரித்துக் கேளுங்கள், உங்கள் பவருக்கு எது அவசியமோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

இங்கே சொல்லும் விலைகள் தமிழ்நாட்டில் சாதாரணக் கடைகளின் ஏறத்தாழ நிலவரம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை முன்பின் இருக்கும்.

படி 1: பரிசோதனையைக் கடைக்கு வெளியே முடியுங்கள்

"இலவசக் கம்ப்யூட்டர் டெஸ்ட்" என்ற பலகையைப் பார்த்து உள்ளே போனால், முகவாயை ஒரு இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். தூரத்தில் ஒரு பலூனோ வீடோ தெரியும், அரை நிமிடத்தில் ஒரு சின்னத் தாள் வெளியே வரும். அது தோராயக் கணக்குதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, எழுத்துப் பலகையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணுக்கும் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு முடித்தால்தான் அது பரிசோதனை. இயந்திரத் தாளை மட்டும் வைத்துப் போட்ட கண்ணாடிதான் பெரும்பாலும் தலைவலியோடு திரும்பி வருகிறது. குறிப்பாக இளவயதுக்காரர்களுக்கு அந்த இயந்திரம் மைனஸ் பவரைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் கிட்டத்தில் பார்ப்பதாக நினைத்துக் கண்ணின் தசை இறுகிவிடுகிறது.

இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சரியான பரிசோதனை கிடைக்கும் இடங்கள் நம் ஊரில் தாராளமாக இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனி, நெல்லை, கோவை, சேலம், புதுச்சேரி, சென்னை என்று பல ஊர்களில் கிளைகள் உண்டு. அதோடு சின்ன ஊர்களில் கண் பரிசோதனை மையங்களும் நடத்துகிறார்கள். லயன்ஸ், ரோட்டரி சங்கங்களோடு சேர்ந்து ஊர்களில் முகாம்களும் நடக்கின்றன. முகாம் என்றால் கண்புரை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பவரும் பார்ப்பார்கள்.

அரசு மருத்துவமனைக்குக் காலை சீக்கிரமே போய்விடுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்தால் சில மணி நேரம் கிட்டத்தில் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தையின் முதல் கண்ணாடிக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது கட்டாயம், அதைத் தவிர்க்கும் இடத்தில் குழந்தைக்குக் கண்ணாடி எழுதி வாங்காதீர்கள்.

எப்போது பரிசோதிக்கக்கூடாது என்பதும் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்தான். சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கண்ணின் லென்ஸும் மாறுகிறது, பவரும் கூடவே மாறும். அப்போது எழுதிய கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாது. சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு போங்கள். கர்ப்ப காலத்தில் பார்வை கொஞ்சம் மாறலாம், அவசரமில்லை என்றால் பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம். கண்புரை அறுவைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் வாரக் கணக்கு முடியும் வரை காத்திருங்கள், பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்: மென்மையான வகை என்றால் ஒரு நாளாவது, கெட்டியான வகை என்றால் இன்னும் அதிக நாள்.

திடீரென ஒரு கண்ணில் மங்கல், மின்னல் போல் வெளிச்சம், விளக்கைச் சுற்றி வளையம், வலி, இரட்டையாகத் தெரிதல் இருந்தால் கண்ணாடிக் கடைப் பக்கமே போகாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கடை டெஸ்ட்டில் விழித்திரையும் பார்க்க மாட்டார்கள், கண் அழுத்தமும் பார்க்க மாட்டார்கள்.

படி 2: சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

சீட்டில் வலது கண், இடது கண் என இரண்டு வரிசை. ஒவ்வொன்றிலும் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று மூன்று எண்கள். ஸ்பியர் மைனஸ் என்றால் கிட்டப்பார்வை (தூரத்தில் தெளிவில்லை), பிளஸ் என்றால் தூரப்பார்வை (கிட்டத்தில் தெளிவில்லை). சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்வது. அது எந்தத் திசையில் என்று சொல்வது ஆக்சிஸ், 1 முதல் 180 வரை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு "ஆட்" என்று இன்னொரு எண் இருக்கும். வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர் அது. தூரப் பவரோடு அதைக் கூட்டினால் படிக்கும் பவர் வரும். தூரத்துக்கு −1.00, ஆட் +2.00 என்றால் படிக்க +1.00.

இந்தக் கூட்டல் சிலருக்குக் கண்ணாடிச் செலவையே மிச்சப்படுத்தும். தூரப் பவர் −2.00, ஆட் +2.00 என்றால் விடை பூஜ்யம். சிலிண்டர் பெரிதாக இல்லாவிட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பேப்பர் படிக்கலாம். அவருக்குப் போய்ப் புரோகிரெசிவ் (தூரத்துக்கும் படிக்கவும் கோடு தெரியாமல் ஒரே லென்ஸ்) விற்கும் கடைகள் உண்டு.

பவர் 0.25 அளவில் ஏறி இறங்கும். பழைய கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்து, புதிய சீட்டில் 0.25 மட்டும் மாறியிருந்தால், "இதற்காக மாற்றியே ஆக வேண்டுமா?" என்று பரிசோதித்தவரிடமே கேளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் "தேவையில்லை" என்றுதான் பதில் வரும்.

வேறொரு இடத்தில் எழுதிய சீட்டில் எண்கள் முற்றிலும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். ஒரே பவரை இரண்டு விதமாக எழுதலாம். −2.00 / +1.00 × 90 என்பதும் −1.00 / −1.00 × 180 என்பதும் ஒன்றுதான். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்பியர். சிலிண்டரின் குறியை மாற்ற வேண்டும். ஆக்சிஸில் 90-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். விலையிலும் இது உதவும். சில கடைகள் ஒரு எண் பிளஸ், ஒரு எண் மைனஸ் என்றால் "கிராஸ் காம்பவுண்ட்" என்று கூடுதல் விலை போடும். +1.50 / −0.50 × 180 என்பதை மாற்றி எழுதினால் +1.00 / +0.50 × 90. இரண்டும் பிளஸ், கிராஸே இல்லை. மாற்றி எழுதியும் குறிகள் வேறாகவே இருந்தால்தான் அது உண்மையான கிராஸ்.

இன்னொரு எண் பெரும்பாலும் சீட்டில் இருக்காது: பி.டி. இரண்டு கண் பாவைகளின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74-க்குள் இருக்கும். பரிசோதனை முடிந்ததும் "பி.டி.யையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள், அவர்களுக்கு அரை நிமிட வேலை. லென்ஸின் ஒளி மையம் உங்கள் கண் பாவைக்கு நேராக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால், பவர் சரியாக இருந்தும் கண் இழுக்கும்.

வீட்டில் அளப்பதானால் இன்னொருவர் வேண்டும். அவர் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலோடு உங்களுக்கு நேர் எதிரே, 40 செ.மீ. தள்ளி, அதே உயரத்தில் உட்காரட்டும். ஸ்கேலை உங்கள் நெற்றியில் ஊன்றிக் கண்ணுக்கு முன் பிடிக்கட்டும். முதலில் அவர் தன் வலது கண்ணை மூடிக்கொள்ள, நீங்கள் அவருடைய திறந்த இடது கண்ணைப் பாருங்கள். உங்கள் வலது பாவையின் நடுவில் பூஜ்யத்தை வைக்கட்டும். ஸ்கேலை அசைக்காமல் அவர் இடது கண்ணை மூடி வலதைத் திறக்க, நீங்கள் அந்தக் கண்ணைப் பாருங்கள். உங்கள் இடது பாவையின் நடுவில் வரும் எண்தான் பி.டி. மூன்று தடவை அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று தனியாக அளப்பதை நம்ப வேண்டாம்.

படி 3: முதலில் ஃபிரேம், அதுவும் சின்னதாக

காசு மிச்சமாகும் இடங்களில் இதுதான் பெரிது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பவர் கூடினால் "தின் லென்ஸ் போட்டுக்கங்க" என்று 1.60, 1.67 என விலை ஏற்றுவார்கள். இவை லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண்கள், எண் கூடினால் லென்ஸ் மெலியும். லென்ஸ் தடிப்பாக வருவதற்குப் பவர் பாதிக் காரணம். மீதிப் பாதி ஃபிரேமின் அகலம்.

ஃபிரேமின் காதுக் கம்பி உள்பக்கத்தில் 54-18-140 போல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுக் கம்பியின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் பி.டி. 62 என்றால் வித்தியாசம் 10. அதாவது ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி மையத்தை மூக்குப் பக்கம் 5 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். தள்ளத் தள்ளக் காதுப் பக்க விளிம்பு தடிக்கும்.

−4.00 பவரை வைத்துக் கணக்குப் போடலாம். 54-18 ஃபிரேமில் சி.ஆர்.-39 என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் போட்டால் காதுப் பக்க விளிம்பு ஏறத்தாழ 6 மி.மீ. வரும். அதே ஃபிரேமில் 1.60 லென்ஸ் போட்டால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் 48-18 ஃபிரேமை எடுத்துக்கொண்டு அதே சாதாரண சி.ஆர். லென்ஸைப் போட்டாலும் 5 மி.மீ.க்குக் கீழேதான் வருகிறது. விலை கூடிய லென்ஸ் செய்கிற வேலையை ஆறு மில்லிமீட்டர் சின்ன ஃபிரேம் இலவசமாகச் செய்துவிடுகிறது. மைனஸ் பவர் உள்ளவர்கள் முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை தங்கள் பி.டி.க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஃபிரேம் எடுக்க வேண்டும். முழு விளிம்புள்ள பிளாஸ்டிக் ஃபிரேம் மீதித் தடிப்பையும் மறைத்துவிடும். பெரிய சதுர ஃபிரேம்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், அழகுக்கும் விலை உண்டு. அந்த விலை லென்ஸ் பில்லில் வரும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

பிராண்ட் பெயருக்குக் கொடுக்கும் காசு பார்வைக்கு ஒன்றும் செய்யாது. ₹300 முதல் ₹700-க்குள் உறுதியான ஃபிரேம் கிடைக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து மொத்த விலைக் கடைகளில் பேசி வாங்கலாம். எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: காதுக் கம்பியை மடக்கி விரித்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. இரண்டு லென்ஸ் வளையமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேஜையில் விரித்து வைத்தால் ஒரு பக்கம் தூக்கக்கூடாது. ஹெல்மெட் போடுபவர்களுக்குக் காதுக் கம்பி மெல்லியதாக, நேராக இருப்பது நல்லது. அகலக் கம்பி ஹெல்மெட்டுக்குள் பொட்டில் அழுத்தி வலிக்கும். நம் வியர்வைக்கு மலிவான உலோக ஃபிரேம் சீக்கிரம் பச்சை பிடிக்கும், சிலருக்கு மூக்கோரம் தோல் அரிக்கும். எடை குறைந்த டி.ஆர்.-90 வகை பிளாஸ்டிக் அன்றாடத்துக்கு ஏற்றது.

இதற்கெல்லாம் முன்னால், வீட்டில் இருக்கும் பழைய ஃபிரேமைப் பாருங்கள். நன்றாக இருந்தால் லென்ஸ் மட்டும் மாற்றினால் போதும். கடையில் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, ஃபிரேம் என்கிட்ட இருக்கு. சி.ஆர். லென்ஸ், ஹார்டு கோட்டோட, ஃபிட்டிங் சேர்த்து எவ்வளவு வரும்?" (ஹார்டு கோட் என்பது கீறலைத் தாங்கும் மேல்பூச்சு.) இப்படிக் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள், விலையும் அதற்கேற்ப வரும். வெயிலில் கிடந்து காய்ந்த பழைய பிளாஸ்டிக் ஃபிரேம் லென்ஸ் மாற்றும்போது உடையலாம். "உடைந்தால் பொறுப்பில்லை" என்று கடைக்காரர் சொல்வது நியாயம்தான்.

படி 4: லென்ஸ்

சி.ஆர்.-39 என்பது 1.50 வகை பிளாஸ்டிக். பழசு என்று ஒதுக்க வேண்டாம், பார்வைத் தெளிவில் இதை மிஞ்சும் பிளாஸ்டிக் அரிது. விளிம்புப் பக்கமாகப் பார்க்கும்போது எழுத்துகளைச் சுற்றி வண்ணக் கீற்று தெரிகிறதா என்பதை அபே எண் சொல்லும். எண் கூடினால் கீற்று குறையும். சி.ஆர்.-39-க்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30, 1.60 வகையில் நல்லதற்கு 41, 1.67-க்கு 32 அளவு. பவர் 3-க்குள் இருப்பவர்களுக்குச் சி.ஆர். போதும். 3 முதல் 5 வரை ஃபிரேம் சின்னதாக இருந்தால் அப்போதும் போதும், இல்லையென்றால் 1.56 அல்லது 1.60. ஐந்து, ஆறுக்கு மேல் போனால் 1.60 அல்லது 1.67-க்குக் கொடுக்கும் பணம் எடையிலும் தோற்றத்திலும் திரும்பக் கிடைக்கும். 1.74 மிகப் பெரிய பவருக்கு மட்டும்.

பாலிகார்பனேட் எளிதில் உடையாது, அதுதான் அதன் பெருமை. குழந்தைகளுக்கு, ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கு, பட்டறையிலும் தச்சு வேலையிலும் இருப்பவர்களுக்கு விலை பார்க்காமல் இதையே போடுங்கள். விளிம்பில்லாத ஃபிரேமில் துளை போட்டுப் பூட்டும்போதும் சி.ஆர். விரிசல் விடும், பாலிகார்பனேட் தாங்கும். அலுவலக மேஜையில் உட்காருகிறவருக்கு இது கட்டாயமில்லை.

ஏறத்தாழ விலை, ஒரு ஜோடிக்கு: ஹார்டு கோட் மட்டும் உள்ள சி.ஆர். ₹250 முதல் ₹500. கண்கூசாத (ஏ.ஆர்.சி.) கோட்டிங்கோடு ₹500 முதல் ₹1,000. பாலிகார்பனேட்டும் 1.60-உம் ஆயிரத்தைத் தாண்டும். சிலிண்டர் பெரிதாக இருந்தாலோ பவர் வழக்கமான வரம்பைத் தாண்டினாலோ கடையில் இருப்பு இருக்காது. ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், சில நாள் ஆகும், விலையும் கூடும். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

கோட்டிங்குகளில் ஹார்டு கோட் அவசியம். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர்.சி. கோட்டிங் இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் கணினியில் வேலை செய்பவர்களுக்கும் காசுக்கு ஏற்ற பலன் தரும். அது இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: டியூப்லைட்டின் பிரதிபலிப்பு லென்ஸில் மங்கலான பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை.

நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லும் புளூகட்டை விட்டுவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. கடையில் ஒரு ஊதா டார்ச்சை அடித்து, அட்டையில் விழாமல் லென்ஸ் தடுப்பதைக் காட்டுவார்கள். டார்ச்சின் ஒளியைத் தடுக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. உங்கள் திரையிலிருந்து வரும் நீல ஒளி பெரும்பாலும் வேறு அலைநீளம். கண் களைப்புக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தரம் 20 அடி தூரத்தில் 20 வினாடி பார்த்தால் போதும், அது இலவசம். புளூகட்டும் சாதாரண ஏ.ஆர்.சி.யும் ஒரே விலை என்றால் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகத் தனியாக ₹500 கொடுக்காதீர்கள்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது புற ஊதா ஒளியால் கறுக்கிறது, கார் கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால் காருக்குள் அவ்வளவாகக் கறுக்காது. சூட்டிலும் கறுப்பு குறையும், அதாவது நம் சித்திரை வெயிலில் விளம்பரத்தில் காட்டும் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

படி 5: வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு

மருந்துக்கடையிலும் பிளாட்பாரத்திலும் ₹100 முதல் ₹300-க்குக் கிடைக்கும் ரெடிமேட் படிக்கும் கண்ணாடி தப்பான பொருள் இல்லை. தூரத்துக்குப் பவரே இல்லாதவர்களுக்கு, இரண்டு கண்ணும் ஒரே பவராக இருப்பவர்களுக்கு, சிலிண்டர் 0.50-ஐத் தாண்டாதவர்களுக்கு அது போதும். பவரை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தோராயமாக 45 வயதில் +1.50, 50-இல் +2.00, 60-இல் +2.50. கூடுதலாக எடுத்தால் புத்தகத்தை மூக்குக்கருகே பிடிக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் லென்ஸ் வழியாக ஒரு நேர்க்கோட்டைப் பாருங்கள், நெளிந்தால் வேண்டாம்.

தூரத்துக்கும் பவர் உள்ளவர்களுக்கு மலிவான வழி இரண்டு தனிக் கண்ணாடிகள். அடுத்தது பைஃபோக்கல்: மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என ஒரே லென்ஸில் இரண்டு பவர். வட்டத் துண்டு உள்ள கிரிப்டாக் விலை குறைவு, மேல்பக்கம் நேராக இருக்கும் டி வகையில் படிக்கும் பகுதி அகலம். கோடு தெரிவது பிடிக்காதவர்கள்தான் புரோகிரெசிவ் பக்கம் போகிறார்கள்.

புரோகிரெசிவில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பெரும்பாலும் மொத்தப் பணமும் வீணாகும். மலிவான வகையில் தெளிவாகத் தெரியும் நடுவழி குறுகல், பக்கவாட்டில் எல்லாம் நெளியும், படி இறங்கும்போது கால் தடுமாறும். அதைவிட முக்கியம் அளவு எடுப்பது: ஃபிரேமை முகத்தில் போட்டுச் சரிசெய்த பிறகு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி பி.டி.யும், பாவையிலிருந்து ஃபிரேமின் அடி வரை உயரமும் குறிக்க வேண்டும். அளவு எடுக்காமல் புரோகிரெசிவ் ஆர்டர் எடுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். ஃபிரேமின் உயரம் 30 மி.மீ. அளவாவது இருக்கட்டும், உயரம் குறைந்த ஃபிரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். "பழகாவிட்டால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள்?" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

படி 6: கடையா, ஆன்லைனா?

தூரப் பவர் 4-க்குள், சிலிண்டர் 2-க்குள், ஒரே பவர் லென்ஸ், பி.டி. கையில் இருக்கிறது என்றால் ஆன்லைனில் தைரியமாக வாங்கலாம். குழந்தைக்கும், புரோகிரெசிவுக்கும், பெரிய பவருக்கும் ஆன்லைன் வேண்டாம். ஃபிரேம் அளவுக்கு, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய ஃபிரேமின் மூன்று எண்களைப் பார்த்து, இரண்டு மி.மீ. முன்பின்னாகத் தேர்ந்தெடுங்கள். பவரை உள்ளிடும்போது நடக்கும் தவறுகள் எப்போதும் மூன்றே மூன்று: பிளஸ் மைனஸ் மாறுவது, வலது இடது மாறுவது, ஆக்சிஸ் 10-ஐ 100 என்று அடிப்பது. சீட்டைப் புகைப்படம் எடுத்து ஏற்றிவிட்டு, அவர்கள் பதிந்த எண்களை ஆர்டர் உறுதியாகும் முன் திரும்பப் படித்துப் பாருங்கள்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் இரண்டின் விலையும் ஒன்றில் அடங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டாவது உண்மையிலேயே தேவைப்பட்டால் லாபம்: ஒன்று தூரத்துக்கு, ஒன்று படிக்க. அல்லது ஒன்று சாதா, ஒன்று பவருள்ள கூலிங் கிளாஸ். ஒரே பவரில் இரண்டு எடுத்து, அடுத்த வருடம் பவர் மாறினால் இரண்டும் பெட்டிக்குள் போகும். "லென்ஸ் இலவசம்" என்பதும் அப்படித்தான், ஃபிரேம் விலையைப் பார்த்தாலே தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடி, லென்ஸ், ஃபிரேம் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் என்ன விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இலவசமாகவே கிடைக்கும் வழிகளையும் விட்டுவிடாதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே கண் பரிசோதித்துக் கண்ணாடி தரும் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் இதற்காகவே வந்தது. வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ கேளுங்கள். முதியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது, அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் விசாரிக்கலாம். வங்கி, பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்தில் கண்ணாடிச் செலவைத் திரும்பத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போவது நல்லது, ஒரிஜினல் பில்லும் மருத்துவர் சீட்டும் கேட்பார்கள்.

படி 7: வாங்கும்போது கடையிலேயே சரிபார்ப்பது

லென்ஸ் வந்த உறையைக் கேளுங்கள். அதில் பவர், வகை, கோட்டிங் அச்சடித்திருக்கும். 1.60-க்குப் பணம் வாங்கிவிட்டு 1.56 போடுவதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உறைதான் சாட்சி. பிறகு லென்ஸ் மீட்டரில் வைத்து உங்கள் முன்னாலேயே பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், சீட்டோடு ஒப்பிடுங்கள். ஸ்பியரில் 0.12 வரை வித்தியாசத்தைப் பொறுக்கலாம். ஆக்சிஸுக்கு அனுமதி சிலிண்டரைப் பொறுத்தது: 0.50 சிலிண்டரில் 7 டிகிரி வரை, 1.50-க்கு மேல் 2 டிகிரிதான். அதே மீட்டரில் இரண்டு லென்ஸின் மையங்களிலும் புள்ளி வைத்து, ஸ்கேலால் இடைவெளியை அளந்தால் அது உங்கள் பி.டி.யாக இருக்க வேண்டும். −4.00 பவரில் ஒரு லென்ஸின் மையம் 5 மி.மீ. விலகினால் 2 பிரிசம் (ஒளி பக்கவாட்டில் விலகும் அளவு) கண்ணை இழுக்கும், சாயங்காலத்துக்குள் தலைவலி வரலாம்.

மீட்டர் இல்லாத இடத்தில் குறைந்தது இதையாவது பாருங்கள். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டு மெல்ல அசையுங்கள். நிலை கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிராக நகர்ந்தால் பிளஸ். லென்ஸைச் சுழற்றும்போது நிலையின் நேர்க்கோடு சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது. வலது இடது மாறிப்போன கண்ணாடியை இதிலேயே பிடித்துவிடலாம், இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தால்.

போட்டுப் பார்த்தால் காதுக்குப் பின்னால் அழுத்தக்கூடாது, குனிந்தால் நழுவக்கூடாது, இமை லென்ஸில் உரசக்கூடாது. இதையெல்லாம் வளைத்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும், அதற்குத் தனிக் காசு கிடையாது.

புதுப் பவருக்குக் கண் பழக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகலாம். தரை சரிவாகத் தெரிவது, வாசற்படி உயர்ந்து தெரிவது முதல் இரண்டு நாளில் சகஜம், சிலிண்டர் புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள். பத்து நாளுக்கு மேலும் தொடர்ந்தால் சீட்டோடும் பில்லோடும் திரும்பப் போங்கள். முதலில் லென்ஸின் பவர் சீட்டோடு பொருந்துகிறதா, அடுத்து மையம் பி.டி.க்கு நேராக இருக்கிறதா, இரண்டும் சரி என்றால்தான் மறுபரிசோதனை. இந்த வரிசையை மாற்றி, எடுத்ததும் மறுபடி கண் டெஸ்ட் செய்தால் கடையின் தவறு உங்கள் கண்ணின் தவறாகிவிடும்.

கண்ணாடி எத்தனை வருடம் வரும் என்பது துடைக்கும் விதத்தில் இருக்கிறது. சட்டை நுனியாலும் சேலைத் தலைப்பாலும் உலர்வாகத் துடைத்தால் தூசியே லென்ஸைக் கீறும். குழாய்த் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, கழுவி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், சானிடைசர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலும் பைக் பெட்டியிலும் வைத்தால் சூட்டில் கோட்டிங் நுண்ணிய விரிசல் விடும், அதற்கு லென்ஸையே மாற்ற வேண்டும். திருகு, மூக்குத் தாங்கி போன்றவை பத்து இருபது ரூபாய்க்கு மாற்றக்கூடியவை. இவை தேய்ந்ததற்காகப் புது ஃபிரேம் வாங்க வேண்டியதில்லை.